குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு: சென்னையில் சரியான வக்கீலை அமர்த்துவது எப்படி?

"பத்தாயிரத்தைக் கட்டிட்டு வா, முடிஞ்சுது." போலீஸ் வண்டியை மடக்கி, ஊதச் சொல்லி, கையில் சலானைக் கொடுத்து அனுப்பிய பிறகு சென்னையில் ஒருவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான். நண்பர்கள் சொல்வார்கள், ஆபீஸில் சொல்வார்கள், சில சமயம் ஸ்டேஷனிலேயே சொல்வார்கள். பல பேருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டினால், நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவராகிறீர்கள். ஹெல்மெட் போடாததற்குக் கட்டும் அபராதத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க முடியாது. தெரிந்து கட்டுவது வேறு, தெரியாமல் கட்டுவது வேறு. கட்டுவதற்கு முன் ஒரு கிரிமினல் வக்கீலோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்த வக்கீலை எங்கே தேடுவது, அவரிடம் என்ன கேட்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வண்டி எடுப்பது, தெருவில் போகிற யாரோ ஒருவரின் உயிரோடு விளையாடுவது. அதிலிருந்து நழுவ வைக்கும் வித்தை எதுவும் இங்கே கிடைக்காது. செய்த தவறுக்குச் சட்டம் சொல்வதற்கு மேல் யாரும் இழக்கக் கூடாது, செய்யாத தவறுக்கு யாரும் தண்டனை வாங்கக் கூடாது. வக்கீல் அதற்குத்தான்.

முதல் வேலை: எந்தப் பிரிவு என்று பாருங்கள்

கையில் இருக்கும் காகிதத்தில் பிரிவு எண் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 185 என்றால் அது குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் இந்தப் பிரிவு வரும். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019-இல் நடந்த சட்டத் திருத்தத்தில் வந்த தொகைகள் இவை.

எல்லாரும் அபராதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது லைசென்ஸ். 185-இல் தண்டனை பெற்றால் நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியை நீக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. இது போக, 206-ஆம் பிரிவின்படி போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பலாம். அங்கே லைசென்ஸைத் தகுதி நீக்கவோ ரத்து செய்யவோ 19-ஆம் பிரிவில் தனியாக ஒரு நடவடிக்கை நடக்கும். வாடகைக் கார் ஓட்டுபவருக்கும், டெலிவரி வேலை பார்ப்பவருக்கும் பத்தாயிரத்தைவிட அந்த ஆறு மாதம்தான் குடும்பத்தைச் சாய்க்கும்.

வண்டியில் கூட உட்கார்ந்து வந்தவர் மேலும் வழக்கு வரலாம். குற்றத்துக்கு உடந்தையாக இருந்தால் அதே தண்டனை என்கிறது 188-ஆம் பிரிவு. 2022 அக்டோபரில் புதிய அபராதங்கள் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, உடன் வருபவர் மீதும் இந்தப் பிரிவு பாயும் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தது. பின்சீட்டில் வந்த நண்பருக்கும் உங்களுக்கும் ஒரே வக்கீல் போதுமா என்பதை அவரிடமே கேளுங்கள். "நீதான் ஓட்டச் சொன்னாய்" என்ற பேச்சு வந்துவிட்டால், இருவருக்கும் ஒரே வக்கீல் வாதாட முடியாது.

காகிதத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 281, 125, 106 போன்ற எண்கள் இருந்தால் விபத்தும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

வக்கீல் யாருக்குத் தேவையில்லை?

ஹெல்மெட் 1,000 ரூபாய், சீட் பெல்ட் 1,000 ரூபாய், சிக்னல் தாண்டியது, நோ பார்க்கிங். உண்மையிலேயே செய்திருந்தால் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் கட்டிவிட்டுப் போகலாம். 200-ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகளே தீர்த்துவிடக்கூடிய பட்டியலில் இவை இருக்கின்றன. 185 அந்தப் பட்டியலில் இல்லை. எந்த வழியாகக் கட்டினாலும் அது நீதிமன்றத்தின் தண்டனையாகத்தான் போய்ச் சேரும்.

சில வழக்குகளில் மட்டும் யோசிக்காமல் வக்கீலிடம் போங்கள்: 185, ஆபத்தாக ஓட்டிய 184, விபத்து எதுவானாலும், லைசென்ஸ் ரத்து நோட்டீஸ், பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி எடுத்த வழக்கு. கடைசியில் சொன்னதில் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பிள்ளையின் வழக்கு கெல்லீஸில் இருக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும் என்பதால், அங்கே பழக்கமுள்ள வக்கீலாகப் பாருங்கள்.

அமெரிக்க விசா எடுக்கப் போகிறவர்களும் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விசா விண்ணப்பத்திலேயே கைதானது உண்டா, தண்டனை பெற்றது உண்டா என்ற கேள்வி இருக்கிறது. கடந்த ஐந்து வருடத்தில் மது தொடர்பான கைதோ தண்டனையோ இருந்தால் அவர்கள் குறிப்பிடும் மருத்துவரிடம் சோதனைக்கு அனுப்புவார்கள். அரசு வேலைக்குக் காத்திருப்பவருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷனில் இது எட்டிப் பார்க்கும்.

அன்றிரவு, வக்கீல் வருவதற்கு முன்

தகராறு வேண்டாம். ஊத மாட்டேன் என்று அடம் பிடிப்பது பலன் தராது. நியாயமான காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு ஆதரவாக எடுத்துக்கொள்ள 205-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஊதுவதற்குப் புதிய குழாய் போட்டார்களா? ஊதிய நேரத்தோடு பிரின்ட் வந்ததா? மவுத்வாஷ் கொப்பளித்திருந்தாலோ, ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தாலோ அதை உடனே சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹால் அதற்குள் பெரும்பாலும் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. உண்மையிலேயே குடிக்காதவர் ரத்தப் பரிசோதனை கேட்கத் தயங்கவே கூடாது.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரிடம் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும் என்று 202-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் நேரத்தைக் குறித்து வையுங்கள்: எப்போது நிறுத்தினார்கள், எப்போது ஊதினீர்கள், எப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். போனில் தட்டி வைத்தால் போதும். வக்கீல் முதலில் கேட்கப் போவது இந்த நேரங்களைத்தான்.

வெறும் 185 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். வீட்டுக்குப் போன் பண்ணுங்கள், குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவரை ஆர்சி, இன்சூரன்ஸ் நகலோடு வரச் சொல்லுங்கள். வக்கீலைப் பார்க்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஸ்டேஷனில் வைத்து நீளமான வாக்குமூலம் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். லைசென்ஸை வாங்கினால் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கோர்ட் என்று தெரிந்தால்தான் வக்கீல் தெரியும்

பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள். சென்னை என்று பொதுவாகச் சொன்னாலும் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் பிரிந்து கிடக்கின்றன. மடக்கிய இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அதைப் பொறுத்து கோர்ட் மாறும். 2022 முதல் தாம்பரமும் ஆவடியும் தனித்தனி போலீஸ் கமிஷனரேட்டுகள். ஓஎம்ஆரின் தென்பகுதியில் மாட்டியவர் எழும்பூர் கோர்ட்டில் போய் விசாரித்தால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் வழக்கு நடக்கும் கோர்ட்டில் வாரத்தில் பல நாள் நிற்கும் வக்கீலுக்கு அங்கே டிராஃபிக் வழக்குகள் எந்த நாளில் கூப்பிடப்படும், எந்த மனுவை எப்போது போட வேண்டும், அரசு வக்கீல் எதை எதிர்ப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. ஐகோர்ட்டில் பெரிய பெயர் வாங்கியவரைவிட முதல் கட்டத்தில் இவர்தான் உங்களுக்கு உபயோகம்.

தேடும் முறை

விளம்பரத்தை நம்பித் தேடாதீர்கள். இந்தியாவில் வக்கீல்கள் வேலை பிடிக்க விளம்பரம் செய்யக் கூடாது என்பது, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. இணையதளங்கள் வழியாக வக்கீல்கள் ஆள் பிடிப்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதனால் "டிரங்க் அண்ட் டிரைவ் ஸ்பெஷலிஸ்ட், நம்பர் ஒன்" என்று ஒருவர் கூவி அழைத்தால், தன் தொழிலின் விதியையே அவர் மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல வழிகள் பழைய வழிகள்தான். உங்கள் வீட்டுப் பத்திரம் பார்த்த சிவில் வக்கீல், கம்பெனியின் சட்டப் பிரிவில் இருப்பவர், சட்டக் கல்லூரியில் படித்த உறவுக்காரப் பையன் என்று யாராவது இருப்பார்கள். "சைதாப்பேட்டையில் கிரிமினல் பார்க்கிறவர் யார்?" என்று மூன்று பேரிடம் கேளுங்கள். இருவர் ஒரே பெயரைச் சொன்னால் போய்ப் பாருங்கள். முடிந்தால் ஒரு காலையில் அந்தக் கோர்ட்டில் போய் உட்காருங்கள். நடவடிக்கை பொதுவாகத் திறந்த அரங்கில்தான் நடக்கும். யார் காகிதத்தைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் வாய்தா மட்டும் கேட்டுப் போகிறார் என்று அரை நாளில் தெரிந்துவிடும். இதைவிட நல்ல விசாரணை கிடையாது என்பேன்.

கோர்ட் வாசலில் தானாக வந்து "என்ன சார் கேஸ்? டிரங்க் அண்ட் டிரைவா?" என்று கையைப் பிடிப்பவர் வேண்டாம். அவர் வக்கீலாக இல்லாமல் புரோக்கராகவும் இருக்கலாம். ஸ்டேஷனில் "நம்ம வக்கீல் இருக்காரு" என்று யாராவது எண் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அழைக்காதீர்கள். நீங்கள் அமர்த்தப்போகும் வக்கீலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் அதைச் சரிபார்க்கலாம்.

பணம் இல்லையென்றால் வக்கீல் இல்லாமல் நிற்க வேண்டியதில்லை. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

சலான், பிரின்ட் அவுட், லைசென்ஸ் ரசீது, ஆர்சி, இன்சூரன்ஸ், சம்மன் வந்திருந்தால் அது, நீங்கள் குறித்த நேரங்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்பதையும் உள்ளபடியே சொல்லிவிடுங்கள். வக்கீலிடம் சொல்வது ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அவரிடம் மறைத்ததை குறுக்கு விசாரணையில் மற்றவர் எடுத்தால் ஆபத்து உங்களுக்குத்தான்.

பிறகு நீங்கள் கேளுங்கள். 185 வழக்குகளை இந்தக் கோர்ட்டில் நடத்தியிருக்கிறீர்களா? ஒப்புக்கொண்டால் என்ன ஆகும், எதிர்த்தால் என்ன ஆகும்? ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் சட்டப்படி சரியா என்பதையும்தான் பெரும்பாலும் பேச முடியும், குற்றமே செய்யவில்லை என்று திரும்ப முடியாது. இதை அவராகவே எடுத்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்லாவிட்டால் அவர் உங்களை அவசரப்படுத்துகிறார்.

எதிர்த்து நடத்தினால் எதை வைத்து வாதாடுவீர்கள் என்றும் கேளுங்கள். நல்ல வக்கீல் குறிப்பாகப் பதில் சொல்வார். மெஷின் கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது என்ற பதிவைக் கேட்பார். அளவு 30-க்குச் சற்று மேலா, நூற்றைத் தாண்டியதா என்று பார்ப்பார். ரத்தம் எடுத்திருந்தால் ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார்களா, மாதிரியைக் கெடாமல் சீல் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்று துருவுவார். வழக்கு எந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வந்தது என்பதும் முக்கியம். ஒரு வருடம் வரை மட்டுமே சிறை உள்ள குற்றங்களை ஒரு வருடக் காலவரம்புக்குள் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 514-ஆம் பிரிவு சொல்கிறது. வாடை அடித்தது, கால் தள்ளாடியது என்பதை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் சொன்னதையும் அனுபவமுள்ளவர் அறிந்திருப்பார்.

இதெல்லாம் பார்த்துவிட்டு, "போலீஸ் தரப்புக் காகிதங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஒப்புக்கொள்வதே நல்லது, லைசென்ஸ் விஷயத்தில் நான் பேசுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை மதியுங்கள். "நூறு சதவீதம் விடுதலை" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "ஜட்ஜ் தெரிஞ்சவர்", "இன்ஸ்பெக்டரிடம் பேசி முடிச்சிடலாம்", "மேலே கொடுக்கணும்" என்ற பேச்சு வந்தாலும் அப்படியே. டெல்லியில் 1999-இல் நடந்த பிஎம்டபிள்யூ கார் விபத்து வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் மூத்த வக்கீலும் அரசுத் தரப்பு வக்கீலும் சாட்சியை வளைக்கப் பார்த்தது ரகசியக் கேமராவில் சிக்கி, நீதிமன்ற அவமதிப்பு வழக்காகி, 2009-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. குறுக்கு வழி கட்சிக்காரரைக் காப்பாற்றவில்லை, 2012-இல் அவருடைய குற்றத்தை உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையான பிரிவின் கீழ் உறுதி செய்தது.

பீஸும் வக்காலத்தும்

பீஸை முதல் நாளே வெளிப்படையாகப் பேசுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாய்தாவுக்கு இவ்வளவா, வழக்கு முழுவதற்குமா? ஜெராக்ஸ், நகல் மனு, குமாஸ்தா செலவு எல்லாம் அதில் அடக்கமா? ஆர்டிஓ நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதும் சேர்த்தியா? மேல்முறையீடு தனிதானே? பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி அவர் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்டால் பகுதி பகுதியாகத் தருவதாகச் சொல்லுங்கள். ஜிபேயிலோ செக்கிலோ கொடுத்தால் கணக்கு நிற்கும். விடுதலை வாங்கிக் கொடுத்தால் இவ்வளவு, இல்லையென்றால் இல்லை என்று முடிவைப் பொறுத்து பீஸ் பேச வக்கீல் தொழில் விதிகளில் இடமில்லை. அபராதத் தொகையையும் பீஸையும் ஒன்றாகக் கலந்து வாங்க விடாதீர்கள்.

வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) கையெழுத்துப் போடும்போது வழக்கு எண், கோர்ட், வக்கீல் பெயர் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் பேசியவர் பெயர் அதில் இருக்க வேண்டும். ஜூனியர் ஆஜராவது சகஜம்தான், ஆனால் சாட்சி விசாரணை நாளில் யார் வருவார் என்று கேட்டு வையுங்கள்.

வக்கீல் சரியில்லையென்றால் மாற்றலாம். பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது வழக்கம். பீஸ் பாக்கி என்று சொல்லி அவர் உங்கள் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லியிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

விபத்து சேர்ந்திருந்தால்

இங்கே கதையே வேறு. சென்னையில் விபத்தைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஓட்டுநரின் சட்டக் கடமை, ஓடிப்போவது மனிதத் தன்மையற்றது, வழக்கிலும் அதுவே உங்களை அடித்துவிடும். காயம் என்றால் 281, 125 என்று போகும். உயிரிழப்பில் 106(1) வந்தால் 5 வருடம் வரை சிறை. குடித்திருந்தது தெரிந்தால் கொலையாகாத மரணம் விளைவித்ததற்கான 105-ஆம் பிரிவும் வரலாம், அதில் ஜாமீன் எளிதல்ல. மும்பை கார்ட்டர் சாலையில் 2006-இல் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில், குடித்து ஓட்டியவருக்குக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான 3 வருடச் சிறையை உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்தது.

இப்படிப்பட்ட வழக்குக்கு செஷன்ஸ் கோர்ட்டிலும் ஐகோர்ட்டிலும் ஜாமீன் மனு நடத்திய கிரிமினல் வக்கீல் வேண்டும், அதுவும் அன்றைக்கே. கடைகளின் சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும் என்பதால் அதைப் பாதுகாக்கச் சொல்லி அவர் உடனே மனு கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் நீங்களாகப் போய்ப் பேரம் பேசாதீர்கள், சாட்சியை மிரட்டியதாக அது மாறும்.

நஷ்டஈட்டு வழக்கு தனியாக, எம்சிஓபி (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்று, ஐகோர்ட் வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும். அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வேறு வக்கீல்கள். குடித்திருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கும். ஊதிய அளவோ ரத்தப் பரிசோதனையோ இல்லாவிட்டாலும் மற்ற ஆதாரங்களை வைத்து அது மறுக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் இஃப்கோ டோக்கியோ வழக்கில் சொன்னது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும் உத்தரவும் வரக்கூடும். அதனால் கிரிமினல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் நஷ்டஈட்டு வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வழக்கு நடக்கும்போதும் முடிந்த பிறகும்

நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் வழக்கின் அடையாள எண்ணான 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். வக்கீல் சொல்வதை நம்புங்கள், தேதியை மட்டும் நீங்களே பாருங்கள். போகாமல் விட்டால் பிடிவாரண்ட் வரும். சென்னையில் குடித்து ஓட்டிய வழக்கின் அபராதத்தைக் கட்டாமல் இழுத்தடித்தவர்களின் சொத்தை ஜப்தி செய்ய வாரண்ட் வரை போயிருக்கிறார்கள். ஆர்டிஓவிடமிருந்து நோட்டீஸ் வந்தால் குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். உங்கள் வேலையே வண்டி ஓட்டுவது என்றால் சம்பளச் சான்று, குடும்ப நிலை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்ததும் அதன் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு வாங்குங்கள், குறைந்தது இரண்டு. ஒன்று உங்கள் கோப்புக்கு, மற்றொன்று ஆர்டிஓவுக்கு. அபராத ரசீதை அதோடு இணையுங்கள். பரிவாஹனில் உங்கள் சலான் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள், காட்டாவிட்டால் நகலோடு எழுதிக் கொடுங்கள். தகுதி நீக்கக் காலம் முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு, லைசென்ஸ் கைக்கு வந்து, தளத்தில் அது செல்லும் என்று காட்டிய பிறகே வண்டியை எடுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னால் எடுத்தாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகப் புது வழக்கு வரும், இன்சூரன்ஸும் கைகொடுக்காது.